மச்சான் செய்த கூண்டும் சாலமோனின் கால்களும்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தருக்குள் பிரியமானவரும், எனக்கு மூத்தவரும், வெல்டிங் தொழிலில் அத்திப்பட்டு முழுக்கப் பேர் வாங்கியவருமான பெரிய மச்சான் எட்வர்ட் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் யேசுதாஸ் தலை குனிந்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

அங்கே நீங்களும், அக்காவும், முந்தாநாள் முதல் உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி விக்டோரியாவும், அவளோடு வந்திருக்கும் சாலமோனும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், கேட்கவில்லை. கோபமாக இருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். என்னோடு வேலை செய்யும் ஜெகன் நாளைக் காலை உங்கள் ஊர் வழியாகத்தான் ரயிலில் போகிறான் என்பதால் அவன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். சில பேர் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உங்களைச் சொல்லவில்லை.

மகள் ஜெபாவைக் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று விக்டோரியா கொளத்தூர் சந்தைக்குப் போய் ஒரு கினி பன்றியை வாங்கி வந்து சாலமோன் என்று பேர் வைத்தது உங்களுக்குத் தெரியும். பேர்தான் பன்றி, எலி ஜாதி, பேக்கரி பன்னுக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பான். அட்டைப்பெட்டியில்தான் வைத்திருந்தோம். ஈஸ்டருக்கு வந்த நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, “இன்னா மாப்ள, சாலமோன் ராஜாவ பிஸ்கட் பொட்டில குடி வெச்சிக்கினு கீற?” என்று சிரித்துவிட்டுப் போனீர்கள். அடுத்த வாரமே மினி வேனில் ஒரு கூண்டு வந்து இறங்கியது. ஆங்கிள் இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கம்பி, தரையும் கம்பி, தரைக்குக் கீழே கழிவு விழ ஒரு தகடு, அதன்மேல் வெள்ளிப் பெயின்ட், முன்பக்கம் வெல்டிங்கிலேயே உங்கள் பேர். மாடிக்கு ஏற்ற ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டலூரில் ஒரு சிங்கத்துக்கு அப்படி ஒரு கூண்டு இருந்தால் அது வெளியே வர ஆசையே படாது. நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அதன்பிறகு கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு மதியம், பிரியாணி சாப்பிட்டு நான் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூண்டுக்குள்ளிருந்து நொறுக் நொறுக்கென்று ஒரு சத்தம். விக்டோரியா குனிந்து பார்த்தாள். சாலமோன் பின்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் நகத்தைத் தானே கடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கடைசி ஓவர் என்பதால் அந்த நேரம் என் கட்டைவிரல் வாயில் இருந்தது என் கெட்ட காலம்.

“உன்ன பாத்துதான்யா கத்துக்கினுது. எப்ப பாரு நகத்த கடிச்சிக்கினு இருந்தா அது இன்னா பண்ணும் பாவம்?”

“நான் கை நகத்த கடிக்கிறேன். அவன் கால் நகத்த கடிக்கிறான். நானா கத்துக்குடுத்தேன்?”

“உனக்கு தொப்ப. கால் எட்டல. எட்டுனா வுட்டு வெச்சிருப்பியா?”

அன்றிலிருந்து என் விரல்களில் வேப்பெண்ணெய். சாலமோனுக்கு வியாதி, எனக்கு வைத்தியம். மறுநாள் கம்பெனி கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது மறந்துபோய் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டு, சட்னி கெட்டுப்போய்விட்டது என்று பரிமாறுகிறவரிடம் சண்டை போட்டேன். பாவம், அந்த ஆள் என் எதிரிலேயே ஒரு கரண்டி சட்னியைக் குடித்துக் காட்டினார்.

சாலமோன் நிறுத்தவில்லை. நகம் போதாமல் பாதத்தையும் கடிக்க ஆரம்பித்தான். விக்டோரியா பயந்துபோய் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் புதுப் பாஸ்டரிடம், “சாலமோனுக்காக ஜெபம் பண்ணுங்க பாஸ்டர், தன் கால தானே கடிச்சிக்கினு கீறான்” என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அழுகையில் மிச்சத்தைச் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். “எங்கள் அன்புச் சகோதரன் சாலமோன், தன் காலைத் தானே கடிக்கிறார் ஆண்டவரே! எந்தத் துக்கமோ, எந்தக் குடிப்பழக்கமோ, அவரைக் கட்டி வைத்திருக்கிற கட்டுகளை அறுத்துப் போடும்!” என்றார். சபை முழுக்கக் கண்ணீர். நானும் ஆமென் சொன்னேன். அந்த இடத்தில் எழுந்து நின்று ‘அது பன்றி’ என்று எப்படிச் சொல்வது, மச்சான்?

சபையின் ஸ்பீக்கர் எங்கள் வீட்டு ஓனர் துளசிராமன் வீடு வரை கேட்கும். அவர் கீழே, நாங்கள் மாடியில். சனிக்கிழமை காலை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கால் கூடக் கழுவாமல் மேலே வந்துவிட்டார்.

“யோவ் யேசு, பொண்ண கட்டிக் குடுத்தப்பறம் ரெண்டே பேருன்னுதான சொன்ன? யாருய்யா அந்த சாலமோனு? பைத்தியத்த மாடில வெச்சிக்கினு கீறியா?”

கூண்டைக் காட்டினேன்.

“அடச்சீ, பெருச்சாளி!”

“பெருச்சாளி இல்லீங்க, கினி பிக்கு.”

“எல்லாம் ஒண்ணுதான். இது எங்க புள்ளையாரு வண்டிய்யா. நீங்க எதுக்கு இதுக்கு அல்லேலூயா சொல்லிக்கினு கீறீங்க? அதான் கொழம்பிப்போய் கால கடிக்குது” என்று சொல்லிவிட்டு, கீழே போய் விபூதி கொண்டுவந்தார். சாலமோனுக்கு எதுவரை நெற்றி என்று தெரியாததால் முதுகு வரை பூசிவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாஸ்டரும் சபை மூப்பர்களும் ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் வியாதியஸ்தரைப் பார்க்கப் படியேறி வந்துவிட்டார்கள்.

“சகோதரன் எங்கே படுத்திருக்கார்?” என்று பாஸ்டர் மெல்லிய குரலில் கேட்டார். விக்டோரியா கூண்டைக் காட்டினாள். உள்ளே சாலமோன் உடம்பெல்லாம் விபூதியோடு உட்கார்ந்து காலைக் கடித்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் கண்ணை மூடினார். ஜெபம் செய்கிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. துளசிராமன் மட்டும், “வாங்க, வாங்க, உக்காருங்க” என்று உபசரித்தார். கடைசியில் பாஸ்டர் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆப்பிளை விட்டுப் போனார். அதற்குள் சாலமோன் அதில் ஒரு வாய் கடித்திருந்தான்.

இதற்குமேல் பேஜார் தாங்காது என்று திங்கட்கிழமை விக்டோரியா ஷிப்டுக்குப் போன பிறகு, நானே சாலமோனைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துப் பொன்னேரியில் கல்பனா என்ற கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு ஆடு, எனக்குப் பின்னால் ஒரு அல்சேஷன். சாலமோன் கூடைக்குள்ளேயே நடுங்கி என் கையை நனைத்துவிட்டான். டாக்டரம்மா அவனை மல்லாத்திப் பாதத்தைக் காட்டியபோதுதான் நான் முதல்முறையாக அதைச் சரியாகப் பார்த்தேன். சிவந்து, வீங்கி, தோல் வெடித்திருந்தது.

“பூச்சி கடிச்சாலும் இது மாதிரி கடிச்சிக்கும், சத்து கொறஞ்சாலும் கடிச்சிக்கும், தனியா சும்மா கெடந்தாலும் கடிச்சிக்கும். ஆனா இவனுக்குப் பூச்சி இல்ல. நகம் வளந்து சுருண்டிருக்கு, அடியில புண்ணு. வலிக்குது, அதான் கடிக்கிறான். எதுல வெச்சிருக்கீங்க?”

நான் பெருமையோடு போனில் படத்தைக் காட்டினேன். அவர் தரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“தரையும் கம்பியா?”

“ஆமா மேடம். எங்க மச்சான் செஞ்சது. செம ஸ்ட்ராங்கு.”

“செருப்ப கழட்டிட்டு நீங்க அதுமேல ஒரு நாள் நின்னு பாருங்க. உங்க காலயும் நீங்களே கடிப்பீங்க.”

மருந்து போட்டார். சமமான தரை வேண்டும், மேலே காய்ந்த துணியோ புல்லோ விரிக்க வேண்டும், ஈரம் கூடாது, கொய்யாவும் கொத்தமல்லியும் குடைமிளகாயும் கொடுக்க வேண்டும் என்றார். நகத்தை வெட்டிக் காட்டிவிட்டு, “அடுத்த தடவ ஊட்லயே வெட்டிடலாம், நெயில் கட்டர் இருக்கும் இல்ல?” என்றார். மச்சான், பேரன் எடுக்கும் வயதாகிவிட்டது, அதை வாங்கும் அவசியம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

விக்டோரியாவிடம் வந்து சொன்னேன். நம்பவில்லை.

“எங்கண்ணன் பாய்லர்ல வெல்டிங் அடிக்கிற கை. அந்தக் கை செஞ்சதுல குத்தமா?”

“பாய்லர் மேல யாரும் வெறுங்கால்ல குடியிருக்கலடி.”

நான் கம்பிமேல் போர்வை விரித்தால், அண்ணன் தகடு வைத்ததே சுத்தத்துக்குத்தான் என்று அவள் உருவிப் போடுவாள். பிளைவுட் வைத்துப் பார்த்தேன், கதவு மூடவில்லை. தரைக் கம்பியை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று மெஷின் வைத்து அறுத்தேன். பிளேடு தேய்ந்து போனது, உங்கள் வெல்டிங் அசையவில்லை. இதைப் பாராட்டாகவே எழுதுகிறேன். இதற்கிடையில் ஒரு நாள் சாலமோனின் பாதத்தில் ரத்தம். அன்றைக்கு விக்டோரியா வேலைக்குப் போனதும் ஜெகனைக் கூப்பிட்டு, கூண்டைத் தூக்கி மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது சாலமோன் நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் என் பழைய லுங்கிமேல் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

“கூண்டு எங்க?”

சொன்னேன். அவள் கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். “போய் எத்துக்கினு வா” என்று மெதுவாகச் சொன்னாள். ஓடினேன். கடைக்காரர், “லோடு போய்ச்சே. உங்க கம்பெனிக்குத்தான் போச்சு” என்றார்.

எங்கள் கம்பெனியில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிறார்கள் என்பதும், அந்த இரும்பைக் காந்தத்தால் தூக்கி உலையில் போடும் கிரேனை ஓட்டுவது நான்தான் என்பதும் நீங்கள் அறிந்ததே. செவ்வாய்க்கிழமை காந்தத்தைக் குவியல்மேல் இறக்கித் தூக்கினேன். துருப்பிடித்த சைக்கிள், ஓட்டை டிரம் எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளிப் பெயின்ட் அடித்து உங்கள் பேரோடு கூண்டு தொங்கியது. நான் கிரேனை நிறுத்திவிட்டேன். ஓரமாக இறக்கி வைத்துவிட்டுச் சாயங்காலம் எடுத்துப் போனால் விக்டோரியா பேசுவாள், சிரிப்பாள். அப்புறம் சாலமோனை எடுத்து அதற்குள்ளே விடுவாள். கீழே சூப்பர்வைசர் சந்திரமோகன் வாக்கிடாக்கியில் கத்தினார்: “யேசு, இன்னாய்யா ஊஞ்சல் ஆட்டிக்கினு கீற? போடுய்யா!” எனக்கு அந்தச் சிவந்த பாதம்தான் கண்ணில் நின்றது. கிரேனை உலைக்கு மேல் கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினேன். கரண்ட் போய்விட்டது, கை தவறிவிட்டது என்று எழுத எனக்கும் தெரியும் மச்சான். போகவில்லை, தவறவில்லை. நான்தான் போட்டேன். இப்போது உங்கள் கூண்டு யார் வீட்டுத் தூணுக்குள்ளேயோ நிற்கும். அந்த வீடு எந்தப் பூகம்பத்துக்கும் அசையாது.

அதற்குப் பிறகு விக்டோரியா என்னோடு நேராகப் பேசவில்லை. “சாலமோன், சோறு ஆயிடுச்சின்னு அந்த ஆளாண்ட சொல்லு” என்பாள். சாலமோன் சொல்ல மாட்டான், நானே போய்ச் சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை காலை நைட் ஷிப்டு முடித்து நான் வந்தபோது அவள் பையும் தொட்டியுமாக வாசலில் நின்றாள். என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி நீட்டி நெடுநேரம் என்னென்னவோ சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. போய்விட்டாள்.

ஆகவே மச்சான், என் தப்பு எதுவோ அதற்கு நீங்கள் சபையில் நிற்க வைத்துக் கேட்டாலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். கூண்டை உருக்கியதற்கு மட்டும் கேட்க முடியாது. விக்டோரியாவை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள். இங்கே கொத்தமல்லிக் கவர் பிரிக்கும் சத்தம் கேட்டதும் விசில் மாதிரிக் கத்த சாலமோன் இல்லை, நகத்தைக் கடித்தால் திட்டவும் ஆளில்லை. பத்து விரலும் முடிந்துவிட்டது.

உங்கள் கை தொடும் வேலையெல்லாம் உறுதியாக நிற்கவும், உங்கள் வீட்டில் சமாதானம் குறையாமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
யேசுதாஸ்.

பின்குறிப்பு: திங்கள் காலை. இப்போதுதான் விக்டோரியா போன் செய்தாள். “அண்ணிக்கு கண்ணு ஆபரேசனு, நாலு நாள் இருந்துட்டு வரேன், கொழம்பு ஃபிரிட்ஜில கீது, சுட வெச்சி துன்னுன்னு அவ்ளோ நேரம் சொன்னேனேய்யா, மண்ணு மாதிரி நின்ன?” என்கிறாள். கம்பெனியில் சத்தத்துக்குக் காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சை அன்று நான் எடுக்கவே இல்லை. நீங்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களாம். கோபமும் இல்லையாம், ஒன்றும் இல்லையாம். சாலமோன் கால் ஆறிவிட்டதாம், “அந்த டாக்டரு சொன்னது சரிதான்” என்று அவள் வாயாலேயே சொன்னாள். கூண்டு போன விஷயம் தெரிந்தால் அண்ணன் மனசு உடைந்துவிடும், அதைப் பற்றி மூச்சு விடாதே என்றும் சொன்னாள். ஜெகன் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பைக்கை நிறுத்திக் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், வேறு கடிதம் எழுத நேரமில்லை. எனவே மேலே உள்ள பக்கங்களைத் தயவுசெய்து படிக்காமல் இந்தப் பின்குறிப்பை மட்டும் படிக்கவும். கூண்டு இங்கே மிகவும் நலம். பார்க்க வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும். அன்றைக்கு நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம்.