காசிக்கு அனுமதி கொடுத்த கண்ட்ரோல்

ஒவ்வொரு கல்யாணத்திலும் அதிகம் படித்த ஆள் ஒருவன் இருப்பான். அவனை முதலிலேயே பந்தியில் அப்பளம் போட அனுப்பிவிட்டால் பிழைத்தோம். என் தங்கை வித்யாவின் கல்யாணத்தில் அந்த ஆள் நான். என்னை யாரும் அப்பளம் போட அனுப்பவில்லை.

எதற்கும் தேதி, கிழமை, நட்சத்திரம் சொல்கிறவன் நான். ஆனால் இந்த நாளின் தேதியை மட்டும் எழுதக் கூடாது என்று வித்யா தடை போட்டிருக்கிறாள். (வருஷா வருஷம் அன்றைக்கு உறவுக்காரர்கள் வாழ்த்து சொல்ல அவளைக் கூப்பிடுவதில்லை, சிரிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.)

மும்பை செம்பூரில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து போகும். அண்ணாந்து பார்த்துப் பார்த்து, விமான விபத்து அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பல சமயம் கெட்டுப்போவது இயந்திரம் இல்லை, விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நடுவில் நடக்கும் பேச்சுதான். அதனால்தான் கோபுரம் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி. இன்னொன்றும் உண்டு. ரேடியோவில் பேச ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அவருக்கு மற்றவர் குரல் கேட்காது.

முதல் விதியைக் கல்யாண வீடு முழுக்கப் பாடம் நடத்தினேன். இரண்டாவதை எனக்கு நடத்த ஆளில்லை.

மாட்டுங்காவில் மண்டபம். காலையில் காசி யாத்திரை. மாப்பிள்ளை குடை, கைத்தடி, விசிறியோடு, கல்யாணமே வேண்டாம் என்று காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் அப்பா தேங்காயும் கையுமாக மறித்து, பெண் தருகிறேன் என்று கெஞ்சித் திருப்பி அழைத்து வருவார். சாதாரணமாக மண்டப வாசலைத் தாண்டுவதற்குள் காசி முடிந்துவிடும். போட்டோகிராபர்தான் ஆசை காட்டினார்: மாப்பிள்ளை தெருவில் தூரத்தில் நடந்து போகிற மாதிரி மாடியிலிருந்து ஒரு படம் எடுக்கலாமே!

எனக்குக் கை பரபரத்தது. நண்பனிடம் மூன்று வாக்கி டாக்கி வாங்கி வந்தேன். ஒன்று அப்பாவிடம். ஒன்று, மாப்பிள்ளையின் அக்கா கணவர், அவரோடு நடக்கப் போகிற சேகர் அத்திம்பேரிடம். மூன்றாவது என்னிடம். நான்தான் கண்ட்ரோல். (செல்போன் எதற்கு இருக்கிறது என்பீர்கள். பஞ்சகச்சத்துக்கு ஏது பாக்கெட்?)

"நான் சொல்ற வரைக்கும் மாப்பிள்ளை நடந்துண்டே இருக்கணும். நான் சொன்னப்பறம்தான் அப்பா நகரணும். திருப்பிச் சொல்லுங்கோ."

இருவரும் திருப்பிச் சொன்னார்கள். சாஸ்திரிகள் மட்டும், "ராகு காலத்துக்கு முன்னாடி தாலி ஏறணும், விளையாடிண்டு நிக்காதேள்" என்றார். விமானப் போக்குவரத்து தெரியாதவர் என்று விட்டுவிட்டேன்.

"காசி, புறப்படலாம்" என்று அனுமதி கொடுத்து, வாக்கி டாக்கியை இடுப்பு வேஷ்டியில் இறுகச் செருகி, மேலே அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டேன். வேஷ்டிக் கட்டு பொத்தானை அமுக்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி சுதா வந்து, "ஏன்னா, காபி தீர்ந்துடுத்தாம்" என்றாள்.

"தீராம என்ன பண்ணும்? அந்தச் சேகர் அத்திம்பேர் டிகாக்‌ஷன்லயே ஓடற மனுஷர். பக்கெட்ல குடுத்தாலும் ஸ்ட்ராங் போறாதும்பார். அவர் கையில போய் ரேடியோவைக் குடுத்திருக்கேன் பாரு!"

சுதா சிரித்தாள். நான் உற்சாகமாகி, அவர் காபி உறிஞ்சும் சத்தத்தையும் செய்து காட்டினேன்.

சற்று நேரத்தில் போட்டோகிராபர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "சாப், துல்ஹா தோ நிகல் கயா!" (மாப்பிள்ளை போயே போய்விட்டார். ஹிந்தியில் கேட்டபோது இன்னும் தூரம் போய்விட்ட மாதிரி இருந்தது.)

தெருவில் பூக்கடைகள் இருந்தன, டாக்சிகள் இருந்தன, குடை இல்லை. வாசலில் அப்பா தேங்காயோடு வெயிலில் நின்றார்.

"அப்பா! ஏன் போய்க் கூப்பிடல?"

"நீ சொன்னாத்தானே நகரணும்? உன் குரல் வந்துண்டே இருந்துதுடா. நகருன்னு மட்டும் வரல."

"என் குரலா?"

உள்ளே சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார். மணக்கோலத்தில் வித்யா என்னைப் பார்த்தாள். கடிகாரமே தேவலை. வியர்த்து அங்கவஸ்திரத்தை எடுத்தேன்.

சுதா கத்தினாள்: "ஏன்னா, உங்க இடுப்புல சிவப்பு லைட் எரியறது!"

உருவினேன். பொத்தான் விடுபட்டதும் அத்திம்பேர் குரல் நிதானமாக வந்தது.

"கண்ட்ரோல், காசி பேசறேன். மாட்டுங்கா ஸ்டேஷன் வந்தாச்சு. டிக்கெட் வாங்கலாமா? ஓவர்."

"அத்திம்பேர்! திரும்பி வாங்கோ! முகூர்த்தம் போயிடும்!"

"வரேன். அதுக்கு முன்னாடி, நீங்க என்னைப் பத்திச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ. நான் சரியாக் கேட்டேனான்னு பாக்கணும். விதின்னேளே? ஓவர்."

பின்னணியில் மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது. அப்பாவின் வாக்கி டாக்கி முழுச் சத்தத்தில் இருந்ததால் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் தங்கையின் தாலி என் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"டிகாக்‌ஷன்ல... ஓடறவர்" என்றேன்.

"அப்பறம்?"

"பக்கெட்ல குடுத்தாலும்... ஸ்ட்ராங் போறாதும்பார்."

"சத்தம் ஒண்ணு பண்ணினேளே?"

கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினேன்.

"சரியா இருக்கு. காசி ரத்து. திரும்பறோம்."

கறுப்பு மஞ்சள் காளி பீலி டாக்சியின் ஜன்னல் வழியே குடை நீட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை காசியிலிருந்து வந்து இறங்கினார். அப்பா, அப்போதும் நகராமல், "இப்ப நகரலாமாடா?" என்று கேட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சு விடாமல் வாசிக்க, ராகு காலத்துக்கு மயிரிழை முன்னால் தாலி ஏறியது.

படம் அற்புதமாக வந்திருக்கிறது: தெருக்கோடியில் புள்ளியாக ஒரு குடை, வாசலில் தேங்காயோடு சிலையாக அப்பா. வித்யா அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

அத்திம்பேர் கோபித்துக்கொள்ளவே இல்லை. கோபர்கைரனேயில் அவர் வீட்டுக்கு நான் எப்போது போனாலும், எல்லோருக்கும் டம்ளரில் காபி வரும். எனக்கு மட்டும் பளபளவென்று தேய்த்த சின்ன எவர்சில்வர் பக்கெட்டில். நான் ஒரு வாய் உறிஞ்சி, "ஸ்ட்ராங் போறும், ஓவர்" என்று சொல்லும் வரை வீட்டில் ஒருவரும் குடிக்க ஆரம்பிப்பதில்லை.