துணைப்பொருள் அனுமதிக்கப்படும்

அரசு ஊழியரின் உடம்பு விறைத்துப் போனதால்தான் நிர்வாகமும் விறைத்துப் போயிற்று என்று மேலிடம் ஒருநாள் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த அன்றே சுற்றறிக்கையும் வந்துவிட்டது. ஏற்காட்டு மலையில் பணிபுரியும் அனைவருக்கும் யோகாசனத் தேர்வு. தேறாதவர் உடனே சேலத்துக்கு மாற்றப்படுவர். தண்டனையாக அல்ல; குளிரில் இறுகிய மூட்டு வெயிலில் இளகும் என்ற கருணையினால்.

கண்காணிப்பாளர் வெள்ளையனால் சேலம் போக முடியாது. மகள் இங்கே கான்வென்ட்டில் பத்தாவது படிக்கிறாள். மனைவி ராஜேஸ்வரியோ, "சேலத்து வெக்கையில நீங்க மட்டும் போயி வேகுங்க. நாங்க வர்றதா இல்லீங்க" என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வெள்ளையன் தன் கால் கட்டைவிரலை நேரில் பார்த்தே வருஷக்கணக்காகிறது. நடுவில் தொப்பை மறைக்கிறது. பாவம், நல்ல மனுஷன்தான்.

தட்டச்சர் இன்பமேரிதான் சுற்றறிக்கையின் கடைசி வரியைக் கண்டுபிடித்தாள்.

"சார், இயலாதவங்க துணைப்பொருள் வெச்சுக்கலாம்னு போட்டிருக்குதுங்க. கட்டை, பட்டை, நாற்காலி, தலகாணி, இன்ன பிற."

"எத்தனை வெக்கலாம்?"

"வரம்பு ஏதும் போடலீங்க."

வரம்பு இல்லாத இடத்தில்தான் அரசு ஊழியனின் மேதைமை விளங்கும். ஒத்திகையில் குனிந்த கைக்குத் தரை எட்டவில்லை என்று செங்கல் வந்தது. செங்கலும் எட்டவில்லை என்று காப்பி மூட்டை வந்தது. மிளகு பறிக்கிற ஏணி வந்தது. கடைசியில் வெள்ளையன் நாற்காலியில் சாய்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முக்காலியில் காலை நீட்டினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தினமும் செய்கிற ஆசனம்தான். ஆனால் ஒரு காலை மேலே தூக்கி நிறுத்தவும் வேண்டுமாம். அது மட்டும் நிற்க மாட்டேன் என்றது.

அந்த நேரம் பார்த்துத் தலைச்சோலை கிராமத்துச் சித்தன் மனுவோடு உள்ளே வந்தான். எஸ்டேட்டில் கூலி வேலை. ஊர்க் குழாய் உடைந்ததிலிருந்து இந்த அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறான்.

"ஏனுங்க சார், எங்கூர்க் கொழாயி..."

"கொழாயை அப்புறம் பாக்கலாம். இந்தக் காலைக் கொஞ்சம் பிடிப்பா."

சித்தன் பிடித்தான். கால் நின்றது. காலைப் பிடித்துக் காரியம் சாதிப்பது நம் நாட்டில் புதிதா என்ன?

"ஆளு எப்பிடிங்க சார் துணைப்பொருள் ஆகும்?" என்றாள் இன்பமேரி.

"ஏம்மா, இன்ன பிறன்னா அதுல ஆளு வராதுன்னு எங்க போட்டிருக்குது?"

இன்பமேரி தேடிப் பார்த்தாள். எங்கும் போட்டிருக்கவில்லை.

தேர்வன்று சேலத்திலிருந்து தேர்வதிகாரி சின்னசாமி வந்தார். வந்ததும் சிரசாசனம் கேட்டார். வெள்ளையன் நாற்காலியில் அமர்ந்தார். பக்கத்தில் சித்தன் தலைகீழாக நின்றான். அவன் குதிகாலை ஒரு விரலால் தொட்டபடி வெள்ளையன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"சிரசாசனமுங்க ஐயா. மூச்சு நான் விடறேன். மத்ததைத் துணைப்பொருள் பாத்துக்கும்."

சின்னசாமி சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். ஆசனத்தில் துணைப்பொருளின் பங்கு எவ்வளவு என்று விதி இல்லை. புரட்டப் புரட்ட அவர் கண் கலங்கியது. அடுத்தவன் உழைக்க, தாம் கையெழுத்துப் போட்டு வந்த இத்தனை வருஷமும் செய்தது யோகம்தான் என்று அவருக்கு அன்றுதான் விளங்கியது.

"முதலிடம்!" என்று அறிவித்தார். "இப்பேர்ப்பட்ட யோகி இந்தக் குளிர்ல முடங்கலாமா? நாளைக்கே சேலம் வந்துருங்க. தலைமை அலுவலகத்துக்கு இனிமே நீங்கதான் பயிற்சி குடுக்கணும். துணைப்பொருளையும் கையோட கொண்டாந்துருங்க."

வெள்ளையனுக்கு ராஜேஸ்வரியின் முகம் கண்ணில் நின்றது. அழுதேவிட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

இதுதான் சமயம் என்று சித்தன் நேராக எழுந்து, மனுவை நீட்டினான்.

"ஐயா, எங்கூர்க் கொழாயிங்க. தண்ணிக்குப் பொம்பளைங்க நொம்ப தூரம் நடக்கறாங்க."

சின்னசாமி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "துணைப்பொருள்கிட்ட மனு வாங்க விதி இல்லப்பா. யாராச்சும் மனுஷனைக் கொடுக்கச் சொல்லு."

அதுவும் நியாயம்தான் என்று சித்தன் வராந்தாவுக்கு ஓடினான். மனு வரிசையில் நம் ஊர்க்காரன் ஒருத்தனாவது இருப்பானே!

வரிசையே இல்லை. அடுத்த தேர்வு குமாஸ்தாக்களுக்கு. மனுக் கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு குமாஸ்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பெரியசாமி, இந்த மனுவை நீ கொஞ்சம் குடுத்துரேன்" என்று சித்தன் தன் ஊர்க்காரனைத் தொட்டான்.

"தள்ளிப் போ சித்தா," என்றான் பெரியசாமி, பிடியை இறுக்கிக்கொண்டு. "இந்தக் கால் எனக்குன்னு சொல்லியாச்சு."