வடிகட்டிக் குடித்த பாயா

இயந்திரத்தோடு வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே கோளாறு வந்தாலும் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்படுவான். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோ கைகளைப் பராமரிப்பது என் வேலை. அதனால், உடம்பைக் குறைக்க ரோபோ வைத்து என் இரைப்பையைச் சுருக்கப்போவதாக டாக்டர் சொன்னபோது, என்னைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த ரோபோவுக்குக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேட்டேன்.

டாக்டர் பொறுமைசாலி. ரோபோ தானாக எதையும் செய்யாது, அதே அறையில் உட்கார்ந்து நான்தான் அதன் கைகளை இயக்குவேன் என்றார். (எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.)

அழகுக்காகச் செய்துகொள்ளப்போன ஆபரேஷன் இல்லை அது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். நிற்கும்போதெல்லாம் என் மனைவி கலாவதி தோளைப் பிடித்து உலுக்குவாள். அவள் நிம்மதியாகத் தூங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. எடை குறையாவிட்டால் ஒருநாள் உலுக்கினாலும் எழ மாட்டார் என்று டாக்டர் அவளிடமே சொல்லியிருந்தார்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் திரவ ஆகாரம்தான் என்று சொன்ன அன்று நான் தனியாகப் போயிருந்தேன். கொழுப்பைக் கரைத்து ஈரலைச் சுருங்கவைக்கத்தான் அந்தப் பத்தியம் என்று விளக்கினாராம். நான் சுவரில் இருந்த ரோபோ படத்தில் மூட்டுகள் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேர்ந்தது ‘திரவம்’ மட்டும்தான்.

எங்கள் சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். இனிமேல் வயிறாரச் சாப்பிட முடியாதவன் என்று மூலக்குளம் வீட்டுக்குத் தூக்குவாளிகள் வரத் தொடங்கின. மச்சான் தேங்காய்த்திட்டில் நண்டு வாங்கி ரசம் வைத்துக் கொண்டுவந்தான். பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் பெரியம்மா, வெண்ணெய் மிதக்கும் கோழி சூப்போடு வந்தார். (அவர் வீட்டில் அதற்குப் பூயோன் என்று பெயர்.) கலாவதி ஆட்டுக்கால் பாயா வைத்தாள், சேமியா இல்லாத சேமியா பாயசம் வைத்தாள். ஒரு திப்பிகூட இல்லை. இவ்வளவு கடுமையான பத்தியம் யாரும் இருந்திருக்க முடியாது என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிற்றில் சின்னச் சின்னக் கட்டுகள். உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. பாரிஸிலிருக்கும் பெரியம்மா மகன் வீடியோவில் கூப்பிட்டான். பசி என்பதே அடங்கிவிட்டது, வயிறு சுருங்கியது எனக்கே தெரிகிறது, ரோபோ வேலை என்றால் சும்மாவா என்று அவனுக்கு ஒரு பிரசங்கமே செய்துகொண்டிருந்தேன். அவன் வீட்டார் எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார்.

“இரைப்பையை நான் தொடவே இல்லீங்க. ஈரல் வீங்கி அது மேல படுத்திருக்குது. தூக்கினா கிழிஞ்சிடும். அப்படியே மூடிட்டேன்.”

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்: “மெஷின்ல ஏதாவது ஃபால்ட்டா டாக்டர்?”

“மெஷின் நல்லாத்தான் இருந்துது. நீங்க என்ன சாப்ட்டீங்க?”

கலாவதி முன்னால் வந்தாள். “எல்லாத்தையும் வடிகட்டித்தான் டாக்டர் குடுத்தேன்” என்றாள்.

பாரிஸில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கலாவதியைக் கூட்டிப்போய், ரோபோவின் கேமரா எடுத்த படத்தை ஓடவிட்டுக் காட்டினார். அவள் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஈரல் மஞ்சளா, பளபளன்னு இருக்குது. நான் ஊத்தின பாயாதான் அது. நானே உங்கள கொன்னுருப்பேன்” என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதைக் காதில் வாங்காதவன் நான்தான் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுபடி ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், தூக்கோடு வந்தவர்களை அவள் கேட்டிலேயே நிறுத்தினாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சப்பென்ற கரைசலை எனக்குக் கலக்கும்போது தனக்கும் ஒரு டம்ளர் கலந்துகொண்டாள். இந்த முறை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் வாயால் சொன்னதை அவள் ஏற்கவில்லை. இந்தப் படத்தையும் கேட்டு வாங்கி முழுக்கப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தாள்.

இப்போது நான் பாதி ஆள். மூச்சு சீராக வருகிறது, அவளும் தூங்குகிறாள். பாரிஸ்காரர்கள் ஊருக்கு வந்தால், காபி கொடுத்தாலும் “வடிகட்டினதா?” என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு நானும் சிரித்துவிடுவேன். கலாவதியிடம் மட்டும் என் ஜம்பம் பலிப்பதில்லை. கால் வலியையோ மனக்கஷ்டத்தையோ மறைத்து, ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பினால், பந்தியில் எத்தனை பேர் இருந்தாலும் சத்தமாகச் சொல்லிவிடுவாள்:

“உங்க ஈரலையே பாத்தவ நானு. எங்கிட்டயா?”