லிட்டருக்கு உன்னாசி

தாராவி,
செவ்வாய் மாலை.

'மேற்கு வாசல்' வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு மாணவி இ. ஜெஸி பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் இதழை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம் வரை விடாமல் வாசிப்பவர்களில் நானும் ஒருத்தி. தங்கள் உடல்நலத்துக்காகவும் அச்சு இயந்திரத்தின் நலத்துக்காகவும் ஆண்டவரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற இதழின் ஐந்தாம் பக்கத்தில் "லிட்டருக்கு 79 கிலோமீட்டர்! அணுசக்தி நகர் பொறியாளரின் அதிசய மோட்டார் சைக்கிள்!" என்று வந்த செய்தியில் இருக்கும் இன்னாசிமுத்து என் அப்பா. செய்தியில் பிழைகள் இரண்டு. புகைப்படம் மட்டும் சரி, அதிலும் அப்பா கண்ணை மூடியிருக்கிறார். வரும் சனிக்கிழமை இதழில் தாங்கள் திருத்தம் போடாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் முன்னால் அப்பா தலைகுனிய நேரும். அதனால்தான் பரீட்சைக்குப் படிக்காமல் இதை எழுதுகிறேன்.

முதலில் பொறியாளர். அப்பா அணுசக்தி நகர்க் குடியிருப்பில் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்பவர். இந்த ஒரு சொல்லால் எங்கள் சந்தில் நடப்பதைத் தாங்கள் அறிய மாட்டீர்கள். வண்டி பெட்ரோலில் ஓடவில்லை, அங்கேயிருந்து ரகசியமாகக் கொண்டுவந்த வேறு எதிலோ ஓடுகிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு விசாலாக்ஷி அக்கா தன் ஊறுகாய் ஜாடிகளை எல்லாம் வண்டியிலிருந்து இருபதடி தள்ளி வைத்துவிட்டு, "கதிர் கிதிர் பட்டு மாங்கா நெறம் மாறிட்டுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்று என்னிடம் கேட்கிறார்.

உண்மையில் வண்டி மிக எளிமையானது. அம்பர்நாத்தில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தாய்மாமா சாஜன், புல் வெட்டும் இயந்திரத்தின் பழைய இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, சந்து முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கரீம் பாட்சா மாமாவிடம் கொடுத்தார். அவர் அதை அப்பாவின் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு மேல் பொருத்தினார். இஞ்சினுக்கு அடியில் ஓர் இரும்பு உருளை. ஒரு கம்பியை இறக்கினால் உருளை டயரை அழுத்தும். உருளை சுற்ற, உராய்வினால் சக்கரமும் சுற்றும். கம்பியைத் தூக்கினால் உருளை டயரை விட்டு விலகிவிடும். அவ்வளவுதான். உராய்வைப் பற்றி எங்கள் அறிவியல் புத்தகத்தில் நான்கு பக்கம் இருக்கிறது. அதை நான் கரீம் மாமாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதிருக்கான். அந்த ஸ்பேனர எடு" என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன் முதல் ஓட்டம் நடந்தது. தொண்ணூறு அடிச் சாலையில் நான் ஐம்பது மீட்டர் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தேன். அப்பா அதை 5.3 நொடியில் கடந்தார், அதாவது மணிக்கு 34 கிலோமீட்டர். எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. எதிரே ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது, பேண்டு வாத்தியம், குதிரை மேல் மாப்பிள்ளை, அப்பா குதிரையை இடித்துவிடக்கூடாதே என்று வளைத்தவர் வளைத்துக்கொண்டே இருந்து மூன்று முறை குதிரையை வலம் வந்தார், "ஹட்டோ! ஹட்டோ! நிக்க மாட்டக்கே!" என்று வழிவிடச் சொல்லி அவர் கத்த, பேண்டுக்காரர்கள் இன்னும் வேகமாக வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்கள், நான்காவது சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது, மாப்பிள்ளையின் சித்தப்பா அப்பாவுக்கு மாலை போட்டார். அன்று டயர் தேய்ந்து சாலையெல்லாம் கறுப்புத் தூள்.

மறுநாளிலிருந்து வண்டி அடங்கிவிட்டது. "எல்லாம் ஆக்சிலேட்டர் புடிக்கிற கையில இருக்குட்டி. வண்டிக்கு என் கொணம் தெரிஞ்சு போச்சு" என்கிறார் அப்பா. இப்போது அதே ஐம்பது மீட்டருக்கு 13 நொடி ஆகிறது, மணிக்கு 13.8 கிலோமீட்டர். டயர் அதற்குப் பிறகு ஒரு துளிகூடத் தேயவில்லை, உராய்வு வண்டிகளில் இது அபூர்வம். இஞ்சினை உற்சாகப்படுத்த அப்பா அவ்வப்போது பெடலும் மிதிக்கிறார். 'அவ்வப்போது' என்பது அப்பாவின் சொல். நான் எண்ணிப் பார்த்ததில் நிமிடத்துக்கு நாற்பத்து மூன்று சுற்று. இன்னொரு நன்மையும் உண்டு. அப்பாவுக்கு 240 இருந்த சர்க்கரை 140-க்கு வந்துவிட்டது. டாக்டர் என்ன மருந்து என்று கேட்டதற்கு, "இஞ்சின் குலுக்குற குலுக்குல சுகர் எறங்கிருது சார்" என்று அப்பா சொல்ல, அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இனி அந்த 79. தங்கள் நிருபர் ஜகந்நாதன் ஐயா மாட்டுங்காவிலிருந்து வந்து, கரீம் மாமாவிடம் இந்தியில், "கித்னா தேதி ஹை?" என்று கேட்டார். லிட்டருக்கு எவ்வளவு தரும் என்று பொருள். சரியாக அந்த நேரம் பார்த்துச் சந்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கரீம் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "இன்னாசி! ஏ இன்னாசி!" என்று அப்பாவைக் கூப்பிட்டார். இந்தியில் உன்னாசி என்றால் எழுபத்தொன்பது. தண்ணீர்க் குடங்களின் சத்தத்தில் 'இ' என்பது 'உ' ஆகிவிட்டது. ஜகந்நாதன் ஐயா வியந்துபோய், "பக்கா?" என்றார். வண்டிக்குச் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "பக்கா. இன்னாசி ஹி ஹை", அதாவது இன்னாசியேதான், என்று கரீம் மாமா அடித்துச் சொல்லிவிட்டார். பிறகு டீ குடிக்கும்போது நிருபர் நாக்கைச் சுட்டுக்கொண்டு "ஐயோ அம்மா!" என்றார். அப்போதுதான் இருவருக்கும் இருவரும் தமிழர் என்று தெரிந்தது. அதற்குள் அவர் நோட்டை மூடிவிட்டார்.

செய்தியைப் பார்த்த சீத்தா கேம்ப் தமிழர் நல மன்றத் தலைவர் ஜமால் ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை என்று அறிவித்துவிட்டார். ஆனால் அதற்கு முன், எல்லோரும் பார்க்க, நூறு மில்லி பெட்ரோல் ஊற்றி மைதானத்தைச் சுற்றிவர வேண்டும். இஞ்சின் அணைவதற்குள் ஏழு கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர் ஓடினால் பொன்னாடை. இல்லாவிட்டால் அது யோகாசனம் செய்யும் இன்னொருவருக்கு.

எனக்குச் சந்தேகமாக இருந்ததால் நேற்று இருநூறு மில்லி அளந்து ஊற்றி, அம்மாவின் போனில் வரைபடத்தைத் திறந்துகொண்டு, கேரியரில் உட்கார்ந்து நானும் வேலைக்குக் கூடப் போனேன். சயான் தாண்டும்வரை, "கழுத்த நேரா வையுட்டி, பேலன்ஸ் போவுது" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். செம்பூரில் 6.2 கிலோமீட்டரில் இஞ்சின் அணைந்தது. அதாவது லிட்டருக்கு 31 மட்டுமே. "போச்சு. இனிமே மிதிக்கணும்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அப்பா தொடர்ந்து ஓட்டினார். ஆச்சரியம் என்னவென்றால் வேகம் குறையவே இல்லை, அதே 13.8. ஓடும் பொருள் தொடர்ந்து ஓடப்பார்க்கும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே நிலைமம் என்று குறித்துக்கொண்டேன். நிலைமம் செம்பூரிலிருந்து அணுசக்தி நகர் வாசல் வரை நீடித்தது.

நூறு மில்லிக்கு 3.1 கிலோமீட்டர்தான் வரும் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சட்டைப்பையைத் தட்டி, "பேப்பர்லயே போட்டாச்சு. பேப்பர்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ?" என்கிறார். அந்தப் பையில் தங்கள் செய்தி லேமினேஷன் போட்டு இருக்கிறது. அப்பா இந்தி மீடியத்தில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. செய்தியை நான்தான் இதுவரை பதினோரு முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுபத்தொன்பது வரும்போது கையைக் காட்டி நிறுத்தி, இன்னொரு தடவை அந்த வரியை வாசிக்கச் சொல்வார். அவருடைய பெயர் அச்சில் வந்தது இதுவே முதல் முறை.

ஆகவே ஐயா, லிட்டருக்கு 31 என்றும், குழாய் பழுதுபார்ப்பவர் என்றும், தவறு தங்களுடையது, அப்பாவுடையது அல்ல என்றும் மூன்று வரி போட்டு, பந்தயத்திலிருந்து அவரைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். எண்கள் அனைத்துக்கும் நான் பொறுப்பு. தங்கள் குடும்பத்தாருக்கு என் வணக்கங்களையும், ஜகந்நாதன் ஐயாவின் நாக்கு ஆறியிருக்கும் என்ற நம்பிக்கையையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உண்மையை மட்டுமே எழுதும்,
இ. ஜெஸி

பி.கு.: புதன் காலை. இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது, அப்பா உள்ளே டீயில் பாவ் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் வண்டிக்கு முன்னால் குனிந்து, அந்தக் கம்பியை மேலே தூக்கி, பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்ணுதீங்க?"

"டைனமோவ வெலக்கி வைக்கேன். பகல்ல லைட்டு எதுக்கு? டயர்ல ஒட்டிக்கிட்டு இருந்தா மிதிக்கக் கனமா இருக்கும்லா, பாவம் மனுசன்."

"எத்தன நாளா கட்டுதீங்க?"

"அந்தக் குதிரைக்கு மறுநாள்லேர்ந்து. குலுக்குல முடிச்சு லூசாயிருது, தெனமும் இறுக்குதேன்."

"அதுல லைட்டே இல்லையேம்மா!"

"அதான் நானும் கேக்கணும்னு இருந்தேன், ஏன் எரியவே மாட்டக்குன்னு."

ஐயா, இரண்டு மாதமாக உருளை டயரைத் தொடவே இல்லை. இஞ்சின் சத்தம் மட்டும்தான் போட்டிருக்கிறது. அணுசக்தி நகருக்குப் போய்வந்ததெல்லாம் அப்பாவின் கால்கள். ஆகவே தங்கள் 79 தவறு, என் 31-உம் தவறு, நிலைமம் பெருந்தவறு. காலையில் நான்கு பாவ், போய்வர இருபத்திரண்டு கிலோமீட்டர். சரியான கணக்கு, பாவ் ஒன்றுக்கு ஐந்தரை.

முடிச்சை அவிழ்க்கச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜமால் ஐயாவை மூன்று முறை வலம் வருவார். அவிழ்க்காவிட்டால்? இஞ்சினுக்கு வேலையே இல்லாததால் ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்தால் நூறு மில்லிக்கு முப்பத்தைந்து நிமிடம் சத்தம் வரும். அதற்குள் அப்பா 13.8 வேகத்தில் எட்டு கிலோமீட்டர் மிதித்துவிடுவார். தங்கள் செய்தி மெய்யாகிவிடும். "லேசாப் புடிங்கப்பா, இஞ்சினுக்கு நல்லது" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

எனவே திருத்தம் வேண்டாம். மனம் கேட்காமல் போட்டுவிட்டாலும், எண்ணை எழுத்தில் போட்டால் பாதகமில்லை. அப்பா இதழை என்னிடம் நீட்டி, "வாசிட்டி" என்பார். அதில் எந்த எண் இருந்தாலும் நான் உன்னாசி என்றுதான் வாசிப்பேன்.