க்ரெய்ச்சியின் கையெழுத்து

“இங்கேயும் வந்துட்டானா!” என்று மிலோஷ் போட்ட சத்தத்தில் ப்ர்னோ ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது.

காப்பகத்தில் ஒவ்வொரு ஆவணக் கட்டோடும் ஒரு தாள் இருக்கும். கட்டை வாங்கிப் பார்த்தவர்கள் அதில் கையெழுத்திட வேண்டும். யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள் என்று நம்பி மிலோஷ் வாங்கிய கட்டில் ஒரே பெயர் ஏழு முறை இருந்தது: க்ரெய்ச்சி. ஒலோமோட்ஸ் ஊர்க் காப்பகத்திலும் அதே பெயர். இஹ்லாவாவிலும் அதே பெயர்.

“கத்தாதீங்க சார். உங்களை மாதிரிதான் அவரும், ஸ்வாடா எழுதினது இருக்கா, ஸ்வாடா எழுதினது இருக்கான்னு உசிரை வாங்குவாரு,” என்றாள் ஊழியை. “ஆனா கட்டைப் பிரிக்கவே மாட்டாரு. தாளை மட்டும் பாத்துட்டு, பெருமூச்சு விட்டுட்டுப் போயிடுவாரு.”

“யாராவது முந்திட்டாங்களான்னு வேவு பாக்கறான், கள்ளன்!”

மிலோஷ் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. பேச்சுத்துணை இல்லாத வீட்டில், ஒரு பழைய ரசவாத நூலின் மறுபதிப்பைப் புரட்டியபோது, ஈயத்தைப் பொன்னாக்கும் செய்முறைக்கு நடுவே ஒரு வரி கண்ணில் பட்டது: ‘இதை ஸ்வாடா என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார், அவரைத்தான் யாரும் படிப்பதில்லை.’

பொன் யாருக்கு வேண்டும்? யாரும் படிக்காத அந்த மனிதர் எழுதிய ஒரு பக்கத்தையாவது படித்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது.

க்ரெய்ச்சி முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில், ஊர் வரலாற்றுச் சங்கத்தில், “ஸ்வாடாவோட வாழ்க்கை வரலாற்றை எழுதி முடிச்சாச்சு,” என்று ஒரே போடாகப் போட்டார்.

“எப்பப் பொறந்தாரு?” என்றார் தலைவர்.

“ஆயிரத்து ஐநூத்து நாப்பத்திரண்டு.”

“எங்க?”

மிலோஷின் வாய் சும்மா இருக்கவில்லை. “நம்ம ஊர்லதான்.”

தலைவர் கண் கலங்கிப்போய்க் கல்வெட்டுக்குச் சொல்லிவிட்டார். மேயர் திறந்து வைக்கிறாராம். பிறந்த வீடு எது என்று கேட்டபோது மிலோஷ் பதறிக் கை காட்டிய இடம் பீர்க்கடை. முதலாளி மறுநாளே ‘ஸ்வாடா பீர்’ என்று பலகை மாட்டிவிட்டார்.

மிலோஷின் கையிலோ ஸ்வாடா எழுதிய ஒரு வரிகூட இல்லை; இனி க்ரெய்ச்சியின் காலில் விழுவதுதான் பாக்கி. தொலைபேசிப் புத்தகத்தில் முகவரியைத் தேடிப் பிடித்து, ரயிலேறிப் போய்க் கதவைத் தட்டினார். க்ரெய்ச்சியின் மகள் திறந்தாள். அவளுக்கே அறுபது வயதிருக்கும்.

“உங்கப்பாகிட்ட ஸ்வாடா எழுதினது ஏதாவது இருக்காம்மா? கண்டுபிடிச்ச பேரை அவரே வாங்கிக்கட்டும். எனக்கு ஒரு பக்கம் படிச்சாப் போதும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த ஒரு வரியைப் படிச்சுட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“மனப்பாடமா தெரியும்.”

அவள் உள்பக்கம் திரும்பிக் கத்தினாள்:

“அப்பா, நல்ல சட்டையா எடுத்து மாட்டு! அந்தப் பழைய புத்தகத்துக்கு அச்சுக் கோக்கறப்ப, ஸ்வாடாங்கற உன் புனைபேரைப் போட்டு உன்னைப் பத்தி நீயே ஒரு வரி நுழைச்சு வச்சியே, அதைப் படிச்சுட்டு ஒருத்தர் நெஜமாவே உன்னைத் தேடி வந்துட்டாரு!”