டோக்கனுக்கு வழி கிடைத்த கதை

அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போகும் எதுவும் இனி ப்ராக்ஸி என்னும் காவல் கணினி வழியாகத்தான் போகவேண்டும் என்று, தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சரக்கு நிறுவனத்துக்கு உத்தரவு வந்தது. பாதுகாப்பு அதிகாரி சங்கரலிங்கம் அன்றே மற்ற வழிகளை எல்லாம் அடைத்துவிட்டார்.

மறுநாள் காலை கேட் பாஸ் போடும் மென்பொருள் படுத்துவிட்டது. அதைக் கவனிக்கும் முருகேஸ்வரி காரணத்தைக் கண்டுபிடித்தாள். சரக்கு விவரம் சமர்த்தாக ப்ராக்ஸி வழியாகப் போகிறது. ஆனால் அதற்கு முன்னால் கிளவுட் என்னும் வெளியூர்க் கணினியில் 'நான் இன்னார்' என்று சொல்லி டோக்கன் வாங்கவேண்டிய பகுதி மட்டும், பழைய பழக்கத்தில் நேரே போய் அடைத்த வழியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. டோக்கன் இல்லாமல் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாததால் பால்துரை அண்ணாச்சியின் வாழைத்தார் லாரி துறைமுக வாசலில் நின்றது. மாலத்தீவுக் கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது.

டோக்கன் கேட்பதையும் ப்ராக்ஸி வழியாகத் திருப்ப ஒரு வரி மாற்றினால் போதும், அனுமதி வேண்டும் என்றாள். சங்கரலிங்கம் விதியைப் பார்த்தார். அடையாளம் நிரூபிக்காத எதையும் ப்ராக்ஸி வெளியே விடலாகாது.

"அடையாளம் வாங்கத்தானே சார் அது போகுது?"

"வாங்கிட்டு வரட்டும். தாராளமா விடுதேன்."

"எந்த வழியா சார் போய் வாங்க?"

"ப்ராக்ஸி வழியாத்தான். மத்த வழியத்தான் அடைச்சாச்சே."

மதியம் பால்துரை அண்ணாச்சியே வந்துவிட்டார். கோபப்படவில்லை.

"காயாத்தான் ஏத்துனேன் சார். இப்பம் லாரி பக்கத்துல போனா பழ வாசம் அடிக்கி."

சங்கரலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அவரும் ஸ்ரீவைகுண்டத்துக்காரர், வாழை வைத்த குடும்பம். கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது இந்த அலுவலகத்தில் ப்ராக்ஸி ஒன்றுதான். ஆகவே இனிமேல் எல்லோரும் ப்ராக்ஸியின் பெயரிலேயே அடையாளம் சொல்லிக்கொள்ளலாம்.

அது சரியில்லை என்று முருகேஸ்வரி இழுத்தாள். அண்ணாச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வரியை மாற்றினாள். பாஸ் வந்தது. முக்கால்வாசி பச்சையாகவே தார்கள் கப்பல் ஏறின.

வருஷக் கடைசியில் தலைமையகம் கிளவுடின் பதிவைப் பார்த்து அசந்துபோனது. தூத்துக்குடிக் கிளையின் மொத்த வேலையையும் ஒரே ஆள், லீவே எடுக்காமல், செய்து முடித்திருக்கிறார். சிறந்த ஊழியர் விருது திரு. ப்ராக்ஸிக்கு அறிவிக்கப்பட்டது. அவர் வர இயலாததால் அவர் சார்பில் சங்கரலிங்கம் பெற்றுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினோம்.

மறுவாரம் தலைமையகம் கேட்டது: இவர் ஒருவரே போதுமென்றால் மற்றவர்கள் எதற்கு?

கூடிப் பேசி, மிகவும் அவசியம் என்று உருக்கமாகப் பதில் அனுப்பினோம். அதுவும் ப்ராக்ஸி பெயரில்தான் போய்ச் சேர்ந்தது.