வீடு பார்க்க வந்தவர் தேடிய பேரிங்

1991 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் குழாயில் தண்ணீர் பிடித்து அண்டாவை நிரப்பினேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். டேப் ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். (பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்?) என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இதுவரைக்கும் ஒழுங்காக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் வீட்டார் எங்கள் இராஜபாளையம் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் பெண் பார்த்தால் பாதிக் கல்யாணம்தான். அவர்கள் வந்து கிணற்றை எட்டிப் பார்த்து, அடுப்படியை நோட்டம் விட்டு, கடைசியில் கை நனைத்தால்தான் மீதிப் பாதி. சம்மதம் என்றால் இலையில் உட்காருவார்கள். இல்லையென்றால் "பேசிட்டுச் சொல்றோம்" என்று தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். எனக்குப் பெண்ணை மிகவும் பிடித்திருந்தது. அம்மா விடியும் முன்பே சாம்பாருக்குப் பருப்பு வேகப் போட்டுவிட்டாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு கேசட் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் கொடுத்தது. 'ஆம்பியன்ட்' என்று அட்டையில் போட்டிருந்தது. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, முழுக்க சிந்தசைசர். அடியில் கனமான ஒரு ஒலி, எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல் நீண்டுகொண்டிருக்கும். வெகுநேரம் கழித்து அதன்மேல் மெல்லிய இன்னொன்று, செண்பகத்தோப்பு மலையில் மேகம் இறங்குவது போலப் படியும். அதற்கும் பிறகு எங்கோ தூரத்தில் சிறுமணிகள் சிதறும். கனத்த ஒலி விலகிப் போவது நமக்குத் தெரியாது; போன பிறகு ஏற்படும் வெறுமையில்தான் தெரியும். காது கொடுத்துக் கேட்டாலும் சரி, கேட்காமல் வேலையைப் பார்த்தாலும் சரி, அறையின் காற்றையே அது மாற்றிவிடும். இராஜபாளையத்தில் இதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு மகா கர்வம்.

பெண் வீட்டார் வரும்போது இது மெல்ல ஒலிக்க வேண்டும், 'என்ன இது, இவ்வளவு இதமாக இருக்கிறதே' என்று அவர்கள் கேட்க வேண்டும், நான் அடக்கத்தோடு விளக்க வேண்டும் என்று திட்டம். ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியக்கூடாதாம்! எனவே ஒரு ஸ்பீக்கரை பீரோவுக்குப் பின்னாலும் இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியிலும் ஒளித்துவைத்தேன். டேப் ரிக்கார்டர் உள் அறையில்.

வந்தார்கள். பெண்ணின் அப்பா மில்லில் ரிங் பிரேம் ஃபிட்டர். அந்த நூற்பு இயந்திரங்களின் நடுவிலேயே ஆயுளைக் கழித்தவர். கூட அவர் மனைவி. நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவர் தலையைச் சாய்த்தார். புருவத்தைச் சுருக்கினார். கண்ணை மூடினார்.

எனக்குப் புல்லரித்தது. ரசிகர்!

"தம்பி, கெணத்து மோட்டார் ஓடுதோ?"

"இல்ல மாமா."

"பிரிட்ஜு?"

"எங்க வீட்ல பிரிட்ஜ் கிடையாது மாமா."

"பொறவு என்ன இது? ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

கொடுத்தேன். (மாமா கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?) மில்லில், இயந்திரத் தண்டு உரசாமல் சுழல உதவும் பேரிங்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஸ்குரூ டிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் கோளாறு டாக்டர் குழாயில் கேட்பது போலக் கேட்கும். அவர் அப்படியே எங்கள் வீட்டைச் சோதிக்கத் தொடங்கினார். ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் கம்பி, தையல் மிஷின், சாமி படத்துக்குக் கீழே சுவர். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"மாமா, அது வந்து..."

"செத்த நேரம் பேசாதீக தம்பி. காது கேக்கணும்."

சரியாக அந்த நேரம் பார்த்து இரண்டாவது ஒலி படிந்தது. நான் உயிரை விடும் இடம்.

"ஏறுது!" என்றார் அவர். "சூடு ஏறுது! கிரீஸ் காஞ்சு போச்சு!"

மூன்றாவதாகச் சிறுமணிகள் சிதறின.

"முடிஞ்சுது. பேரிங் குண்டு ஒடஞ்சிருச்சு. ஏட்டி, எந்திரிச்சு வெளிய போ! மெயின் எங்கய்யா?"

மெயின் ஸ்விட்சை அவரே கண்டுபிடித்து அணைத்தார். மின்விசிறி தளர்ந்தது. உள்ளே டேப், சுருதி இறங்கி, எருமை ஒன்று பெருமூச்சு விட்டுப் படுப்பது போல முனகி நின்றது.

"பாத்தீகளா? நின்னுருச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி, தப்பா நெனைக்காதீக. இந்த வீட்ல எங்கயோ ஒண்ணு எரியப் போவுது. பிள்ளைய எப்படி இங்க விட? நாங்க பேசிட்டு..."

'பேசிட்டு' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பீரோவுக்குப் பின்னால் பாய்ந்தேன். ஒட்டடையோடு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"மாமா, இது பாட்டு."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதே சத்தத்தக் கேக்க எனக்கு மில்லுல சம்பளம் தாரான். நீங்க காசு குடுத்துக் கேக்கீகளா?"

அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா மட்டும் விட்டுக்கொடுக்காமல், "அவன் நல்ல பாட்டும் கேப்பான் அண்ணாச்சி" என்றாள்.

"சரி, மெயினப் போட்டு முதல்லருந்து ஓட்டுங்க. என்னதான் இருக்குன்னு பாப்போம்."

ஓட்டினேன். அவர் மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை புருவம் சுருங்கவில்லை. இரண்டாவது ஒலி படியும்போது தலை ஒரு பக்கம் தொங்கியது. மணிகள் சிதறும்போது, கேசட்டில் இல்லாத நான்காவது ஒலி ஒன்று சேர்ந்துகொண்டது. குறட்டை.

"என்ன அதிசயம்!" என்று அவர் மனைவி அம்மாவின் காதில் கிசுகிசுத்தார். "லீவு நாள்னா வீட்ல பொட்டுத் தூக்கம் கெடையாது மைனி. சத்தமில்லாம அவியளுக்குக் கண்ணு அசராது. நாள் பூரா நடந்துக்கிட்டே இருப்பாவ, எங்களையும் உக்கார விடமாட்டாவ."

யாரும் அசையவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து, டேப்பின் பட்டன் 'டக்' என்று மேலே எழுந்தது.

"ஏலே! எவம்லே பிரேமை நிப்பாட்டுனது?" என்று அவர் துள்ளி எழுந்தார். எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"இதுக்கு மறுபக்கம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"இருக்கட்டும். மொதல்ல எலையப் போடச் சொல்லுங்க மாப்ளே."

தம்பி மாப்பிள்ளையானது அந்த வாக்கியத்தில்தான். மூன்று தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

கிளம்பும்போது கேசட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லார் கல்யாணத்திலும் சீர் பெண் வீட்டிலிருந்து வரும். என் கல்யாணத்தில் முதல் சீர் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. அங்கே ஞாயிறுதோறும் அதைப் போட்டுவிடும் வேலை பெண்ணின் தலையில் விழுந்தது. "கல்யாணத்துக்கு முந்தியே அத அத்தன வாட்டி கேட்டும் ஒங்களக் கட்டிக்கிட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்று இன்றைக்கும் சொல்கிறாள். எங்கள் வீட்டில் யாராவது அசந்து தூங்கினால், "பேரிங் நல்லாருக்கா?" என்று கேட்டுத்தான் எழுப்புவார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வீடு ஓவென்று கிடந்தது. தண்ணீர்கூடப் பிடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எங்கள் ஊர் மில்லின் காம்பவுண்டுச் சுவர் ஓரம் நிறுத்தி, டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு காதைத் தீட்டி நின்றேன். அடியில் கனமான ஒரு ஒலி. இரண்டாவது வரட்டும் என்று காத்திருந்தேன்.